படத்தில் சிரித்தவர்

மார்ச் 3

உனக்கு,

உன் அட்டை வந்தது. நான்கு வரிகள். உன் அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி, மாதக் கடைசியில் அறுவை, அதற்குப் பிறகு அவருக்குக் குரல் இருக்காது, அதற்குள் நான் ஒருமுறை வந்துபோக வேண்டும். எப்படி இருக்கிறீர்கள் என்று ஐந்தாவதாக ஒரு வரி எழுதியிருக்கலாம். அட்டையில் இடம் இருந்தது.

தொலைபேசியில் பேசியிருப்பேன். ஆனால் உன் அண்ணி எடுத்து, “பீரங்கி லைன்ல இருக்கு, யாராவது வாங்க” என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்வார். ஒற்றைக் காதை வைத்துக்கொண்டிருக்கும் எனக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்கும். பிறகு நீ வந்து பேசுவது கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

அவருடைய நோய்க்காக வருந்துகிறேன். அதை அவரிடம் சொல்லலாம். ஆனால் நான் வருவதைப் பற்றி நீ எழுதியிருப்பதால் சில விஷயங்களை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்தவைதான். உங்கள் வீட்டில் அவற்றை வேறு மாதிரி சொல்கிறார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன்.

போர் தொடங்கிய வாரம் கல்லூரி வாசலில் மேஜை போட்டு ஆள் எடுத்தார்கள். கணக்குப் படித்தவர்கள் பீரங்கிப் படைக்கு வேண்டும் என்றார்கள். “வாடா, நாடு கூப்பிடுது” என்று என் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு போனவர் உன் அண்ணன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரும் அவர்தான். மேஜையை நெருங்கும்போது எனக்கு முன்னால் வேறு யாரோ நின்றார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் அரசு வேலைக்கான தேர்வு எழுதினார். போரிலிருந்து வந்து பொதுப்பணி அலுவலகத்தில் நான் சேர்ந்தபோது அவர் எனக்கு மூன்று படி மேலே உட்கார்ந்திருந்தார். போரில் கழிந்த வருடங்கள் பணிமூப்பில் சேரும் என்று ஒரு வாக்குறுதி இருந்தது. யாரும் சேர்க்கவில்லை. அவர் வரைந்த படங்களின் கணக்கைச் சரிபார்ப்பதே என் உத்தியோகமாகிவிட்டது. இன்றும் அதே மேஜை, அதே ஜன்னல்.

அணைக்கட்டில் எடுத்த அந்தப் புகைப்படத்துக்காக நான் வந்து தலைகுனிய வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தால், என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

மாடிக் குழாய் ஒழுகுகிறது. வீட்டுக்காரர் வருகிறேன் என்கிறார், வருவதில்லை. அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியபோது நீ நம் வீட்டில் விட்டுப்போன மூக்குக்கண்ணாடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.


மார்ச் 8

உங்களுக்கு,

கண்ணாடி உடையாமல் வந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அண்ணனின் தொண்டைக்கு அதில் இரண்டு வரி. மீதியெல்லாம் நீங்கள்.

வரிசைக் கதையை இனி என்னிடம் சொல்லாதீர்கள். அன்று அம்மா சமையலறையில் நினைவு தப்பி விழுந்துவிட்டாள். எனக்குப் பத்து வயது. செருப்புகூடப் போடாமல் கல்லூரிக்கு ஓடிவந்து, வரிசையில் நின்ற அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தவள் நான்தான். “அம்மா கண்ணே திறக்கலை” என்றேன். அவன் யாரிடமும் சொல்லாமல் என்னோடு ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால் ஒல்லியாக, சட்டைப்பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு ஒருவர் நின்றது நினைவிருக்கிறது. அது நீங்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் புரிந்தது. உங்களைக் கையைப் பிடித்து இழுத்துப் போக யாரும் வரவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். அதற்கு அண்ணன் என்ன செய்வான்?

படத்தைப் பற்றி நீங்கள்தான் எழுதினீர்கள், நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அணைக்கட்டு வேலை தொடங்கும் நாள். முதல் பாறையை வெடிவைத்து உடைக்கப் போகிறார்கள். அண்ணன் பேசிமுடித்துக் கையை உயர்த்தி நிற்கிறான். முன்வரிசையில் எல்லோரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் கடைவாய்ப் பல் தெரிய வாயைப் பிளந்திருக்கிறீர்கள். இலாகாவின் பத்திரிகையில் அதுதான் முதல் பக்கம். “சார் பேச்சைக் கேட்டு அவர் மச்சானே விழுந்து விழுந்து சிரிக்கிறாரே” என்று பியூன் வரைக்கும் பேசினார்கள். அதற்குப் பிறகு அண்ணன் எந்த மேடையிலும் ஏறவில்லை. பேச்சு என்றால் அவனுக்கு உயிர் என்று உங்களுக்குத் தெரியாததா? இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வந்ததே அதனால்தான்.

இப்போது காற்றும் குரலும் பாதிப் பாதியாக வருகிறது. உங்களோடு தனியாகப் பேச வேண்டுமாம். காலையில் கண் விழித்ததும், “மாப்ள வரலையா” என்கிறான்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அன்றைக்குச் சிரித்தீர்களா?


மார்ச் 13

உனக்கு,

சிரிக்கவில்லை.

கேட்டுவிட்டாய், முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பீரங்கிக்கு ஆறு பேர். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். நான் மூன்று. இரண்டு சக்கரங்களைத் திருப்பிக் குறி வைப்பது என் வேலை. குறி என்றதும் எதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உன் அண்ணி நினைப்பார். போர் முழுக்க நான் ஒரு எதிரியைக்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்குப் பின்னால் சிவப்பும் வெள்ளையும் அடித்த ஒரு கோல் நட்டிருப்பார்கள். அதைக் குறிபார்க்கும் கண்ணாடியில் பார்த்து, சொல்லும் எண்ணுக்குச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். குண்டு மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ விழும். எங்கே விழுந்தது, யார் மேல் விழுந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். நாடு காக்கப் போனவன் பார்த்தது ஒரு கோலைத்தான்.

ஒன்று என்பவர் தலைவர். அவர் கையைத் தூக்குவார். கை இறங்கினால் சுட வேண்டும். கை மேலே போனதும் ஆறு பேரும் வாயை அகலத் திறப்போம். வாய் மூடியிருந்தால் சத்தத்தின் அழுத்தம் செவிப்பறையைக் கிழித்துவிடும். இரை கேட்கும் குஞ்சுகள் மாதிரி ஆறு பேர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். நாலு என்பவன், “டேய் மூணு, சுட்டாச்சு, வாயை மூடு. ஈ குடும்பத்தோட குடிவந்துடும்” என்பான். ஒருநாள் எங்கள் மேல் ஒரு குண்டு வந்து விழுந்தது. அதற்கு முன்னால் யாரும் கையைத் தூக்கவில்லை. எங்கள் வாய் மூடியிருந்தது. என் வலது காது அன்றோடு சரி. நாலு அன்றோடு சரி.

அணைக்கட்டில் உன் அண்ணன் கையைத் தூக்கினார். என் வாய் திறந்துகொண்டது. நான் திறக்கவில்லை.

இதை அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அன்று அவர் என்ன பேசினார் என்று அந்தப் பத்திரிகை போடவில்லை. “சில பேர் எல்லைக்குப் போய் வெடிச்சுட்டு வந்தாங்க. நாம கட்டுறதுக்காக வெடிக்கிறோம்.” கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் நின்ற ஒப்பந்தக்காரர் என் முகத்தைப் பார்த்தபடியே தட்டினார். நாலு கட்டுவதற்காகப் போகவில்லை, சரி. அவனைப் பற்றிப் பேசிக் கைதட்டு வாங்க உன் அண்ணன் யார்? சிரித்ததாக நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டேன். இப்போதும் அதேதான்.


மார்ச் 17

உங்களுக்கு,

நீங்கள் சிரிக்கவில்லை என்பது எனக்கு அந்தப் படத்தைப் பார்த்த நிமிடமே தெரியும்.

கல்யாணமான புதிதில், எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இழுக்கக் கையைத் தூக்கினால் நம் வீட்டு ஜன்னலில் நீங்கள் வாயைத் திறப்பீர்கள். பல்வலி என்று நினைத்துக் கிராம்பு வாங்கிவந்து வைத்தேன். நீங்களும் ஒன்றும் சொல்லாமல் அதை மென்றீர்கள். கொஞ்ச நாளில் நானே புரிந்துகொண்டேன். ஆனால் கோல் நட்டிருந்தது, ஈ குடிவரும் என்று ஒருவர் சொன்னது, அவர் செத்துப்போனது, இதெல்லாம் இந்தக் கடிதத்தில்தான் படிக்கிறேன். இருபது வருடம் ஒரே அறையில் படுத்திருக்கிறோம்.

பத்திரிகை வந்த அன்று, “அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றேன். நினைவிருக்கிறதா? நீங்கள் அதை நான்காக மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, “நான் சிரிச்சேன்னே நல்லா நினைக்கட்டும்” என்றீர்கள். அப்போது உங்கள் முகத்தில்தான் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். நான் வீட்டைவிட்டு வந்தது அந்தச் சிரிப்புக்காக. படத்தில் இருந்ததற்காக இல்லை. பட்ட அடியைக் காட்டி வருத்தப்படுகிறவரோடு வாழலாம். அதை எடுத்து இன்னொருவரை அடிக்கிறவரோடு ஒரு கூரையின் கீழே இருக்க முடியவில்லை.

நானே அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். பெண்டாட்டியைத் தூது அனுப்பினான் என்று ஆகியிருக்கும். அதற்கும் ஒரு முப்பது வருடம் கோபித்துக்கொள்வீர்கள். அவன் பேசியது தப்பு. அதையும் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அவனுக்குப் பதில் சொல்லக் குரல் இருக்கும்போதே சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை ரயிலில் வாருங்கள். நீங்கள் பேசிவிட்டால், அறுவை முடிந்து அண்ணன் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இதைச் சும்மா எழுதவில்லை.


மார்ச் 21

உனக்கு,

வருகிறேன். சனிக்கிழமை ரயில். உங்கள் வீட்டில் தங்கமாட்டேன், மாலை ரயிலில் திரும்பிவிடுவேன். உன் அண்ணி என்னைப் பீரங்கி என்று கூப்பிடுவதை ஒரு நாளைக்கு நிறுத்திவைக்கச் சொல். முடியாவிட்டால் இடது பக்கமாக வந்து கூப்பிடச் சொல்.

குழாயை நானே சரிசெய்துவிட்டேன். உன் அலமாரியைத் துடைத்துக் காகிதம் விரித்திருக்கிறேன். தூசி அதிகமாகிவிட்டது என்பதுதான் காரணம்.

என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். “மச்சான், அன்னிக்கு நான் சிரிக்கலை.” உண்மையைத்தான் சொல்கிறேன், கண்ணாடியில் இருப்பவன் முகத்தைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. பழகிவிடும்.


ஏப்ரல் 6

உங்களுக்கு,

அன்று நடைமேடையில், “சொல்லிட்டீங்களா” என்று கேட்டேன். “பேசினோம்” என்றீர்கள். உங்கள் முகம் தெளிவாக இருந்தது. நான் நம்பினேன். ரயில் போனபிறகு வீட்டுக்கு வந்து என் துணிகளைக்கூட எடுத்துத் தனியாக வைத்தேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. குரல் போய்விட்டது. கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய். சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். நேற்று அவனிடம், மாப்பிள்ளை எல்லாம் சொன்னாரா என்று கேட்டேன். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டான். அப்புறம் எழுதினான்.

“கேட்டேன். அன்னிக்கு என்னைப் பாத்துத்தானே சிரிச்சே, மாப்ளன்னு. ஆமான்னுட்டான்.”

நான் நம்பவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாய் என்றேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினான்.

“ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் தலையாட்டினான்.”

கத்தி வைக்கப்போகிற கழுத்தோடு ஒருவன் கேட்கிறான். அவன் கேட்டது இந்த ஒன்றுதான். இல்லை என்று ஒரு சொல்லைச் சொல்லத்தான் நீங்கள் வந்தீர்கள். அவ்வளவு தூரம் வந்து, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, தெளிந்த முகத்தோடு ரயில் ஏறிப் போயிருக்கிறீர்கள்.

துணிகளை மறுபடி பழைய இடத்தில் வைத்துவிட்டேன். பதில் வேண்டாம்.


ஏப்ரல் 10

உனக்கு,

வேண்டாம் என்றாலும் இதைப் படி. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அந்த அறை உனக்குத் தெரியும். கட்டிலை ஒட்டிச் சுவரோடு பதித்த ஒரு பெஞ்சு, உட்கார வேறு இடம் இல்லை. அதில் உட்கார்ந்தால் அவன் தலை என் வலது பக்கம். திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால், அவன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு பேசினான். வாயிலிருந்து வருவதை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்திருப்பான். துண்டு அசைந்தது. கண்ணில் நீர் வந்தது. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

கேட்கவில்லை, மறுபடி சொல் என்று எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் விரல்கள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தன. அது ஒரு காரணம். இன்னொன்றையும் நீ எப்படியும் எழுதுவாய், நானே எழுதிவிடுகிறேன். அவன் முன்னால் செவிடன் என்று ஒப்புக்கொள்ள நா எழவில்லை.

தங்கச்சியைப் பார்த்துக்கோ என்கிறான் என்று நினைத்தேன். படுத்திருக்கும் அண்ணன் வேறு என்ன கேட்பான்? அதற்குத்தான் தலையாட்டினேன். மறுபடி சொன்னான், இன்னும் அழுத்தமாக ஆட்டினேன். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். கல்லூரி வாசலுக்குப் பிறகு அவன் என்னைத் தொட்டது அன்றுதான். கண்ணாடி முன்னால் பழகியதை எல்லாம் அந்த நேரத்தில் எடுத்துவைத்து அதைக் கெடுக்க வேண்டாம் என்று எழுந்து வந்தேன். என் முகத்தில் நீ பார்த்த தெளிவு அதுதான்.

அவனிடம் சொல். தூது என்று நினைத்தால் நினைக்கட்டும். இந்தக் கடிதத்தையே காட்டு. பீரங்கி, வாய், காது, எல்லாவற்றையும் சொல்.


ஏப்ரல் 19

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை நம்புகிறேன். “கேக்கலை மச்சான்” என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டீர்கள். உங்களைத் தெரிந்திருந்தும் நான் கூட வராமல் கதவுக்கு வெளியே நின்றேன்.

அதை எடுத்துக்கொண்டு அண்ணனின் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சிலேட்டை எடுத்தான். சிலேட்டு நிரம்பி நிரம்பி அழித்து அழித்து எழுதினான். நினைவிலிருந்து எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாறவில்லை.

“எல்லாரும் நல்லா பேசினீங்க சார்னாங்க. எல்லாம் பொய். இவன் ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா ஒத்துக்கிட்டான். நான்தான் அவனை வரிசைக்கு இழுத்துட்டுப் போனேன். அம்மாவுக்கு ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. மேஜை இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருந்துச்சு. நான் போகலை. அவனைப் பாக்கும்போதெல்லாம் அதான் ஞாபகம் வரும். அதனாலதான் மேடையில அப்படிப் பேசினேன். அவன் சிரிச்சது நியாயம். இப்ப எனக்கு மனசு லேசாயிடுச்சு.”

அந்த மேஜை ஒரு வாரம் இருந்தது எனக்கும் தெரியாது.

கடிதத்தை என் பையிலேயே வைத்துக்கொண்டேன். அவனிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். நீங்கள் சிரிக்கவே இல்லை என்று தெரிந்தால் அவன் மறுபடி அந்த வரிசையில் போய் நின்றுவிடுவான். இந்தத் தடவை ஓடிப்போய் இழுத்துவர நான் பத்து வயதுப் பெண் இல்லை.

நான் இப்போதைக்கு அங்கே வர முடியாது. அவன் கழுத்துக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய அண்ணி பயப்படுகிறாள், என் கைதான் பழகியிருக்கிறது. எவ்வளவு காலம் என்று மருத்துவரும் சொல்லவில்லை. உங்கள் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வந்து அவனோடு உட்கார்ந்தால் அவனுக்கு நன்றாக இருக்கும். வாருங்கள். ஆனால் சிரித்தவராகவே வர வேண்டும்.


ஏப்ரல் 24

உனக்கு,

முடியாது என்று ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துப்போட்டேன். என்னைப் பற்றி ஒரு உண்மை இருந்தது, அதை நானாக வெளியே விடவில்லை. இப்போது விடலாம் என்று வந்தால் அதற்கு இடம் இல்லை என்கிறாய். கோபித்துக்கொள்ள ஆள் தேடினேன். அலுவலகத்தில் தேடினேன், உங்கள் வீட்டில் தேடினேன். ஒருவரும் கிடைக்கவில்லை. எனக்கு இது பழக்கமில்லை.

உன் அலமாரியில் விரித்த காகிதத்தை எடுக்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போய்விடுவேன். நீ சொன்ன ஆளாகவே வருகிறேன்.

ஆனால் ஒன்று இருக்கிறது. அவன் எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை. என்றைக்காவது சிலேட்டில் எழுதி என் முன்னால் நீட்டுவான், அன்றைக்கு எதைக் கேட்டுச் சிரித்தாய் என்று. நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். இந்த வாரம் முழுக்க, அவனைப் பற்றி நான் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அவன் பேசுகிற விதம், நடக்கிற விதம், மூன்று படி மேலே உட்கார்ந்து என்னைக் கூப்பிட்ட விதம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒன்றுக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.

உனக்கு ஏதாவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது.